கடைசித் தடத்தில் ஏறும் படிகள்

போன மாதம் பதுளையில் சந்தித்தபோது, ஒலிப்பதிவு பழக வந்த உங்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். எந்த மைக் வாங்கலாம், எந்த மிக்சர் நல்லது? நான் சொன்ன பதில் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கையில் இருப்பதே போதும்" என்றேன். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், தங்கள் காலத்தில் அதுகூட இல்லை என்று கொசுறாக ஒன்றும் சொல்வார்கள். மைக்கைப் பற்றி நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம். பிளக்கைப் பற்றித்தான் எங்கேயும் எழுதியிருக்காது. ஆகவே நான் பிளக்கைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பதுளை டவுனில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, தேவாலயப் பாடற்குழு, தேர்தல் கூட்டம் என்று ஊவா மாகாணத்தில் நான் ஒலி பிடிக்காத இடம் குறைவு. உங்கள் பெற்றோரின் கல்யாண வீடியோவில் நாதஸ்வரம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்டால் அது என் கைவரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் இடது காதில் மெல்லிய உயர்ந்த சத்தங்கள் விழுவதில்லை. சில்வண்டு கத்துகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. காது ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன்.

இத்தனை வருடத்தில் என் பெயரைத் தைரியமாகப் போட்டுக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் "சுற்றுப்பாதை". ஒன்பது தடங்கள் கொண்ட இசைத் தொகுப்பு. பாட்டு கிடையாது, சொல் கிடையாது, தாளம்கூடப் பெரும்பாலும் கிடையாது. கீபோர்டும் கணினியும் நாங்கள் பதிந்த சத்தங்களும் மட்டும். பதுளையில் ரயில் ஏறி, தெமோதரை, எல்ல என்று போய், பிறகு பஸ்ஸில் ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் முடிகிற பயணம் அது. கேட்டவர்கள் சிலர் தூங்கிவிட்டார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இந்தத் தொகுப்பைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அடக்கமாக இருக்கிறேன் என்று பாசாங்கு செய்ய இந்த வயதில் எனக்கு நேரமில்லை.

கீபோர்டு வாசித்தது கிறிஸ்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவன், மற்ற நாட்களில் கணக்கு வாத்தியார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன், பத்து மடங்கு பொறுமைசாலி. இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் ரயிலும் பஸ்ஸுமாக அலைந்தோம். ரயில் கதவின் இரும்புக் கைப்பிடி நடுங்குவது, கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கி, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்கு முன் ஆட்கள் குளிரில் கால் மாற்றி நிற்பது, எல்லாவற்றையும் பதிந்தோம். அவன் அவற்றை நீட்டி, மெலிதாக்கி, அதன்மேல் கீபோர்டை மூட்டம் போலப் பரப்புவான். எனக்கு இரத்தம் உறிஞ்சும் அட்டை என்றால் பயம். ஆகவே நான் எங்கே போனாலும் கணுக்கால் மறைக்கும் தடித்த சப்பாத்து போட்டுக்கொண்டுதான் போவேன். தோட்டத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சவுண்ட் அக்கா வர்றது அடுத்த மலைக்கே கேக்குது" என்பார்கள்.

எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சத்தத்தை எடுக்கிறோமோ அவர்களுக்குத்தான் முதலில் போட்டுக்காட்ட வேண்டும். கொழும்புக்குப் பிறகு, வெளிநாட்டுக்குப் பிறகு, விருதுக்குப் பிறகு என்பதெல்லாம் கிடையாது. அந்த விதிதான் எங்களை அன்றைக்கு அந்தத் தோட்டத்து ஹாலுக்குக் கொண்டுபோனது.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெமோதரையில் ரயில் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் மனிதர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், என்னை மட்டும் சிங்கள மரியாதையில் 'நோனா' என்பார், வயது முப்பத்தைந்து இருக்கும். பெயர் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்து ஒவ்வொரு முறையும் மறந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் சிவப்புக் கொடியைப் பிடித்து ரயிலை நிறுத்திவிட்டார். தண்டவாளத்துக்கு மேல் கரையில் ஒரு கைப்பிடி மண் புதிதாக உதிர்ந்திருந்ததுதான் காரணம். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ரயிலில் இருந்தவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எல்லோரும் போன பிறகு, இப்படி ஆகிவிட்டதே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நின்ன ரயில் மறுபடி ஓடும் நோனா. அதுக்கு ஏன் வெக்கம்?"

அன்றைக்கு அது எனக்கு ஒரு வேலைக்காரரின் சமாளிப்பாகத்தான் கேட்டது. நான் அதைவிட ஆர்வமாகக் கவனித்துக்கொண்டிருந்தது அங்கிருந்த சுரங்கத்தை. தெமோதரையில் பதுளையிலிருந்து போகும் ரயில் முதலில் ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, தான் நுழைந்து வந்த சுரங்கத்துக்கு மேலேயே வந்து நிற்கும். எங்கள் மூன்றாவது தடம் அந்தச் சுரங்கம்தான். அதற்காக நானும் கிறிஸ்டியும் ஒரு சத்தம் செய்தோம். காதுக்குப் பாதியும் நெஞ்சுக்குப் பாதியுமாக விழும் மிகத் தாழ்ந்த உறுமல். ஒன்றுமில்லாததிலிருந்து மூன்று நிமிடம் மெல்ல மெல்ல ஏறும். மூன்று மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தோம். எல்லவில் விடுதி நடத்தும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இந்த ஒன்றுக்காகவே தொகுப்பைத் தன் விடுதியில் வெளியிடுகிறேன் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

விடுதி வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, விதிப்படி, தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சில வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அங்கே தொழிலாளர் குடியிருந்த கீழ் லயம் ஒன்று மலை சரிந்து மண்ணுக்குள் போயிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்கு அது தெரியும். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்தவர். நான் தோட்டத்துப் பிள்ளை என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறவள். தெரிந்திருந்தும் மறந்தேன்.

மூன்று நாளாக மழை. மதியம் ஒரு மணிக்கு ஹாலில் சாமான் இறக்கினோம். இரண்டு ஸ்பீக்கர், உறுமலுக்காகப் பதுளையிலிருந்து தூக்கி வந்த பெரிய பேஸ் பெட்டி ஒன்று. ஹாலில் பிளக் குத்த ஒரே இடம்தான் இருந்தது, அதிலும் போன் சார்ஜர் போல ஒரு கறுப்புப் பிளக் குத்தியிருந்தது. வயர் அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. யாரோ சார்ஜரை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு எங்கள் பிளக்கைக் குத்தினேன். எந்த யோசனையும் இல்லை. உங்களில் எத்தனை பேர் இந்த மாதத்தில் மட்டும் இப்படி எத்தனை பிளக்கைப் பிடுங்கியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தகரக் கூரையில் மழை நன்றாகக் கேட்டது. அதையும் பதிந்துகொள்ளலாம் என்று இரண்டு மைக்கை வெளியே வராந்தாவில் கட்டிவிட்டேன். வராந்தாவை ஒட்டித்தான் மேலே ஸ்கூலுக்குப் போகும் சீமெந்துப் படிகள்.

மூன்று மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். எழுபது பேர் இருப்பார்கள், பிள்ளைகளும் சேர்த்து. முன் வரிசையில் பாக்கியம். நாற்பது வயதுப் பெண், கொழுந்து பறிக்கிறவள். தராசுச் சத்தத்தைப் பதிய எங்களுக்கு உதவியது அவள்தான். முதல் தடத்தில் ரயில் கிளம்பியது. இரண்டாவதில் ரயிலுக்கு அடியில் கலந்திருந்த பெரட்டுக் கால்களின் சத்தத்தை அடையாளம் கண்டு சிலர் சிரித்தார்கள். நான் கிறிஸ்டியைப் பார்த்துக் கண்ணடித்தேன். மூன்றாவது தடம் வந்தது. உறுமல் தொடங்கியது.

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பிறகு பெஞ்சு. நான் மகிழ்ச்சியோடு அந்தப் பெட்டியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பாக்கியம் எழுந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைப் பிடித்தாள். வெளியே நடந்தாள். அவள் பின்னால் அந்த வரிசை, அதன் பின்னால் அடுத்த வரிசை. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, யாரும் பையைக்கூட எடுக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஹால் காலியாகிவிட்டது. இசை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி வேலை செய்தது.

கிறிஸ்டிதான் முதலில் புரிந்துகொண்டான்.

"அக்கா, மலை எறங்குதுன்னு நெனச்சிட்டாங்க."

சத்தத்தை நிறுத்தினேன். மழை மட்டும் கேட்டது. கிறிஸ்டி வாசலுக்கு ஓடினான், அவர்களைக் கூப்பிட. நம்முடைய மெஷின்தான், பயப்பட ஒன்றுமில்லை, வாங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மழையில் நனைந்துகொண்டு பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அவ்வளவு பேரையும் பயமுறுத்திவிட்ட வெட்கம் ஒரு பக்கம், அடுத்த வாரம் வெளியீடு என்ற நினைப்பு ஒரு பக்கம்.

அப்போது சுவரைப் பார்த்தேன். அலமாரிக்கு மேலே, ஸ்கூலுக்கு அம்புக்குறி போட்ட பலகைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெட்டி. மண்சரிவு வருமுன் எச்சரிக்க மழை அளக்கும் பெட்டி. சாதாரணமாகப் பச்சை எரியும், கூரையில் இருக்கும் கோப்பையில் மழை அளவு கூடினால் மஞ்சள் விளக்கு எரியும், இன்னும் கூடினால் சிவப்பு எரிந்து கத்தும். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கு எரியாத பெட்டி கண்ணில் குத்தும். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. கரண்ட் போனால் உயிர் போகிற பழைய பெட்டி. அதிலிருந்து இறங்கிய வயரைக் கண்ணால் தொடர்ந்தேன். அலமாரிக்குப் பின்னால் போய், மேலே வந்து, நான் பிடுங்கி வைத்த கறுப்புப் பிளக்கில் முடிந்தது.

இரண்டு மணி நேரமாக அந்தத் தோட்டத்தின் காதை நான் பொத்தி வைத்திருந்தேன்.

கிறிஸ்டி வாசலில் கையை வாயருகே குவித்துவிட்டான். தெமோதரையில் கொடியைச் சுருட்டிய மனிதர் அந்த நொடியில்தான் எனக்கு விளங்கினார். மெஷின்தான் உறுமியது என்று எனக்குத் தெரியும். மலை உறுமவில்லை என்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டும் வேறு வேறு.

"கூப்பிடாத. நீயும் ஏறு" என்றேன்.

அவன் ஏறினான். நான் எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கறுப்புப் பிளக்கைக் குத்தினேன். பெட்டி ஒரு கணம் யோசித்தது. மஞ்சளைத் தாண்டி நேரே சிவப்பில் போய் நின்று கத்தத் தொடங்கியது. சாமான்களை அப்படியே விட்டுவிட்டு, கடைசி ஆளாக நானும் படி ஏறினேன்.

மேலே ஸ்கூல் வராந்தாவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். தோட்டத் தலைவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மலை உறுமியது, பிறகு பெட்டி கத்தியது என்று அவர்களே ஒரு வரிசை போட்டு வைத்துவிட்டார்கள். அந்தக் கதையில் என் பெயரே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், அப்படி நிற்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடம் என் முப்பது வருடத்தைவிட நீளமாக இருந்தது.

பிறகு சொன்னேன். உறுமியது எங்கள் மெஷின். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது நான். அது எப்போதிலிருந்து சிவப்பில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. யாரும் கீழே போகாதீர்கள். இவ்வளவையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், அது எனக்குத் தகும். பாக்கியம்தான் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த தடவ கேட்டுட்டுப் புடுங்குங்க அக்கா" என்றாள்.

உங்களுக்கு நான் தரக்கூடிய தொழில்நுட்பப் பாடம் இவ்வளவுதான், அதுவும் நான் சொன்னதல்ல, அவள் சொன்னது. ஒரு பிளக் எங்கே போகிறது என்று தெரியும்வரை அது யாரோ ஒருவருடைய உயிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ராத்திரி எல்லோரும் ஸ்கூலிலேயே தங்கினார்கள். நாங்களும் தங்கினோம். மலை அசையவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது, பெட்டி பச்சைக்கு வந்தது, ஆட்கள் லயத்துக்கு இறங்கினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கிறிஸ்டி என்னைத் தேற்றப் பார்த்தான். பெட்டி செத்திருந்தபோது நம் சத்தம்தானே அவர்களைக் கிளப்பியது என்றான். நல்ல பையன். ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு தூங்க எனக்கு விருப்பமில்லை. தற்செயலாக நல்லதாக முடிந்த தவறும் தவறுதான்.

பதுளைக்கு வந்ததும் மூன்றாவது தடத்தைத் திறந்து உறுமலை எடுத்துவிட்டேன். மூன்று மாத உழைப்பு, ஒரு விரலால் அழித்தேன். எல்ல விடுதிக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தால் என்ன பயம் என்று கேட்டார். அவர் விடுதியில் படுக்கை விரிக்கிறவர்களும் சமைக்கிறவர்களும் மேல் தோட்டத்து ஆட்கள் என்பதை நினைவுபடுத்தினேன். வெளியீடு நின்றுபோனது. நின்றது மறுபடி ஓடும் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது, ஆகவே அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

சாமான்களை அடுக்கும்போதுதான் அந்த இரண்டு மைக் நினைவுக்கு வந்தது. வராந்தாவில் அன்றைக்கு அவை பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மழை. தூரத்தில் எங்கள் உறுமல். பிறகு செருப்புகள். ரப்பர் செருப்பு, வெறுங்கால், ஒரு படிக்கு இரண்டு எட்டு வைக்கும் பிள்ளைகளின் கால், எல்லாம் படியில் ஏறுகின்றன. எழுபது பேர், ஒரு சொல் இல்லை. கடைசியில் பெட்டி கத்துகிறது.

நான் இரண்டு வருடம் தேடி அலைந்த பயணம் அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கிறிஸ்டி அதிலிருந்து உறுமலை மட்டும் துடைத்தெடுத்தான். பெட்டி கத்தியதையும், அதனடியில் கேட்ட காலடிகளை மட்டும் விட்டுவிட்டு, நீக்கினோம். அந்தச் சத்தத்தை யாரும் இசை என்று கேட்டுப் பழகிவிடக் கூடாது. மிச்சத்தின் அடியில் ஒரே ஒரு நீண்ட சுரத்தை மட்டும் வைத்தான். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒன்பதாவது தடமாக அதைப் போடலாம் என்று நினைத்தோம். ஆனால் அது எங்கள் சத்தமல்ல. அவர்களுடைய பயம் அது. ஒருவர் வேண்டாம் என்றாலும் தொகுப்பே வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போனேன்.

இந்தத் தடவை ஸ்பீக்கர் கொண்டு போகவில்லை. ஹெட்போன் மட்டும். தலைவர் கேட்டார், இன்னும் சிலர் கேட்டார்கள். பாக்கியத்திடம் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள். காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழ் லயம் போன அன்றைக்குப் பாக்கியத்தின் அக்கா பாதிப் படி ஏறிவிட்டு, பிள்ளையின் ஸ்கூல் பையை எடுக்கத் திரும்பி இறங்கியிருக்கிறாள். மேலே வந்தவர்களை எண்ணியபோது அவள் இல்லை. அவளுடைய பிள்ளையைத்தான் பாக்கியம் அன்று ஹாலில் கையைப் பிடித்து நடத்திப் போனாள்.

இதைக் கேட்ட பிறகு ஹெட்போனை அவளிடம் நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், கூடையைக் கீழே வைத்துவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் முழங்காலில் மெல்ல அசைவதைப் பார்த்தேன். தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்கு நிமிடம். தடம் முடிந்த பிறகும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"கடைசியா ஒரு சப்பாத்து சத்தம் கேக்குதே. அது யாரு?"

"நான்தான் பாக்கியம்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என் கால்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். "போடுங்க அக்கா."